பிடித்துப்போன பிறகு

"ஆன்ட்டி, இது உண்மையான காதலா, சும்மா ஒரு ஈர்ப்பா?" படிவம் ஆறு படிக்கும் பிள்ளையிலிருந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பிவரை என்னிடம் கேட்பது இதைத்தான். நான் சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். லயத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்கு வந்தபின் சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் பல பரிசப் பேச்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். சேர்ந்து வாழ்ந்தவர்களையும் பிரிந்து போனவர்களையும் அருகிலிருந்து பார்த்துவிட்டதால், அந்தக் கேள்வி எனக்கு இப்போது பெரிதாகத் தோன்றுவதில்லை. ஈர்ப்பு யாருக்கும் வரும், கேட்காமலே வரும். வந்த பிறகு அந்த மனிதரை நீ எவ்வளவு தெரிந்துகொண்டாய் என்பதில்தான் என் கவலையெல்லாம். காதலிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்காக, பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. ஏன் அவர் என்று முதலில் உன்னையே கேள்.

எங்கள் காலத்தில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் கட்டிக்கொண்டது ஏராளம். விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஒன்றாக நிற்பார்கள், பக்கத்து நிரையில் பால் வெட்டுவார்கள், தண்ணீர்க் குழாயடியில் காத்திருப்பார்கள், திருவிழாவில் ஒரே பந்தலில் வேலை செய்வார்கள். பூர்வ ஜென்ம பந்தம் என்று பெரியவர்கள் ஆசீர்வதிப்பார்கள். அந்தப் பந்தத்தில் பெரும்பங்கு லயத்தைக் கட்டியவனுக்குச் சேர வேண்டும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவக் குடும்பங்களின் குடியிருப்பை ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் ஆராய்ந்து 1950இல் நூலாக வெளியிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் நெருங்கிய நண்பராகும் வாய்ப்பு 41 விழுக்காடு. அதே மாடியின் மறுகோடி வீட்டுக்காரர்களுக்கு 10 விழுக்காடுதான். இரண்டுக்கும் இடையே சில வீட்டுத் தூரம், அவ்வளவே. அதற்கும் முன்னால், 1932இல் பொசார்ட் என்ற சமூகவியலாளர் பிலடெல்பியா நகரின் 5,000 திருமண உரிமங்களைப் புரட்டினார். மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் கல்யாணத்துக்கு முன்பே ஐந்து தெருக்கட்டுக்குள் குடியிருந்தவர்கள்.

பேச்சுகூட வேண்டியதில்லை, கண்ணில் படுவதே போதும். 1992இல் மோர்லாண்ட், பீச் என்ற இருவர் ஒரே மாதிரித் தோற்றமுள்ள நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருத்தி போகவே இல்லை. மற்றவர்கள் 5, 10, 15 முறை போய், யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். பருவம் முடிந்து படங்களைக் காட்டியபோது, அதிக முறை வந்தவளையே மாணவர்கள் அதிகம் விரும்பினார்கள்.

இதனால் உன் பிரியம் பொய்யாகிவிடாது. ஆனால் ஒரே ஷிப்டு, ஒரே டியூஷன், ஒரே பேருந்து என்பதால் பிடித்ததா என்று தெரிந்துகொள்வது நல்லது. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலானாலும் தேடிப்போய்ப் பேசத் தோன்றுமா என்று யோசித்துப் பார். தோன்றும் என்றால் மேலே படி.

2. நெஞ்சு படபடத்த நாளில் முடிவெடுக்காதே.

கனடாவின் வான்கூவர் அருகே கபிலானோ என்ற தொங்கு பாலம் இருக்கிறது. சுமார் 70 மீட்டர் ஆழத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும். டட்டன், ஆரன் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், அதைக் கடந்துவரும் ஆண்களை ஒரு பெண் நிறுத்திச் சில கேள்விகள் கேட்டு, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். ஆடாத, தாழ்வான இன்னொரு பாலத்திலும் அதே மாதிரி செய்தார்கள். எண்ணை வாங்கிக்கொண்டவர்களில், தொங்கு பாலத்து ஆண்கள் 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். மற்றப் பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பயத்தில் அடித்த நெஞ்சை அவர்கள் அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

நமக்குத் தொங்கு பாலம் வேண்டாம், ஆறு இருக்கிறது. 2006 டிசம்பர் வெள்ளத்திலும், 2011 ஜனவரியிலும், 2023 மார்ச்சிலும் சிகாமட் எப்படித் தத்தளித்தது என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். துயர்துடைப்பு மையத்தில் இரவெல்லாம் ஒன்றாகப் பொட்டலம் கட்டிய பிள்ளைகளுக்குள் பிரியம் மலர்வதும் உண்டு. அந்த நேரத்தில் தெரியும் குணம் உண்மையான குணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்து, சேற்றைக் கழுவி, சம்பளம் பற்றாக்குறையான சாதாரண மாதத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வாக்குக் கொடு. டொரொத்தி டென்னோவ் என்ற உளவியலாளர் 1979இல் எழுதிய நூலில், ஒருவரையே நினைத்து உருகும் அந்தக் கட்டம் பெரும்பாலும் பதினெட்டு மாதத்திலிருந்து மூன்று ஆண்டுக்குள் தணிந்துவிடும் என்று கணித்தார். தணிந்த பிறகும் இருவருக்கும் பேச விஷயம் இருக்க வேண்டும்.

3. பத்துப் பொருத்தம் பார், ஜோசியர் பார்ப்பதை அல்ல.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவை என்று பத்தைச் சொல்கிறார்: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. நட்சத்திரமும் ராசியும் அதில் இல்லை. இருவரின் இயல்புதான் இருக்கிறது. ஒத்த மனம் உள்ளவரிடமே மனம் ஒட்டும் என்று உளவியலாளர் டான் பைர்ன் 1961 முதல் ஆய்வு ஆய்வாகக் காட்டியதை, இவர் பல நூற்றாண்டுக்கு முன்பே பட்டியலிட்டு வைத்திருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இந்தப் பத்தையும் எப்போது தெரிந்துகொள்ள முடியும் என்று பிரித்துப் பார். ஆண்டு, உருவு, திரு மூன்றும் ஒரு மாலையில் தெரிந்துவிடும். 1966இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலைன் வால்ஸ்டரும் கூட்டாளிகளும் புது மாணவர்கள் 700க்கும் மேற்பட்டவர்களைக் கணினி பொருத்தம் பார்த்ததாகச் சொல்லி ஜோடி சேர்த்து நடனத்துக்கு அனுப்பினார்கள். உண்மையில் ஜோடிகளைக் கண்ணை மூடித்தான் சேர்த்தார்கள். மறுபடி சந்திக்க விருப்பமா என்ற கேள்விக்கான பதிலைத் தீர்மானித்தது தோற்றம் ஒன்றே. படிப்போ குணமோ அதில் பங்கு பெறவில்லை. ஒரு மாலைக்கு அதற்குமேல் கண் கிடையாது.

நிறை, அருள், உணர்வு மூன்றும் தெரிய மாதங்கள் ஆகும், என் அனுபவத்தில் குடும்பத்தை நிறுத்துபவையும் இந்த மூன்றுதான். நிறை என்பது தன்னை அடக்கி வைத்துக்கொள்ளும் திறன். பழைய காதலியின் ரகசியத்தை உன்னிடம் சிரித்துக்கொண்டே சொல்பவன் நாளை உன்னுடையதையும் சொல்வான். மோட்டாரை ஒருவன் உரசிவிட்டுப் போகும்போது அவன் வாயில் என்ன வருகிறது என்று கவனி. அருளைத் தெரிந்துகொள்ள, தனக்குப் பயன்படாத மனிதர்களிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்: சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கும் வங்காளதேசத் தொழிலாளியிடம், காது கேட்காத பாட்டியிடம், பரீட்சையில் தோற்ற தம்பியிடம். உணர்வு என்றால் அறிவு. நீ சொன்னதற்கு மாறாக ஒரு நல்ல காரணத்தை அவரும், அவர் சொன்னதற்கு மாறாக நீயும் எடுத்து வைத்து, இருவரும் கோபமில்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறீர்களா?

பிறப்பும் குடிமையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். அதைச் சாதி என்று பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பிரிக்கும் பெரியவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். ஒரே கப்பலில் வந்து, ஒரே கித்தாக் காட்டில் வெட்டி, ஒரே லயத்தில் பிள்ளை பெற்ற சனம் நாம். இன்னும் என்ன பிறப்பு பார்க்க வேண்டும்?

4. கேட்க வேண்டியதைக் கேள், சொல்ல வேண்டியதைச் சொல்.

முன்பின் தெரியாத இருவரை உட்கார வைத்து 36 கேள்விகளை ஒருவருக்கொருவர் கேட்கச் செய்தார் ஆர்தர் ஆரன், மேலே சொன்ன பாலத்து ஆய்வாளர்களில் ஒருவர். கேள்விகள் மெல்ல மெல்ல ஆழம் போகும். 1997இல் வெளியான அந்த ஆய்வில், முக்கால் மணி நேரத்துக்குள் அவர்களுக்குள் வந்த நெருக்கம், சும்மா அரட்டையடித்த ஜோடிகளுக்கு வரவில்லை. ஒருவர் கொஞ்சம் மனந்திறக்க, மற்றவரும் அதே அளவு திறப்பதுதான் அதன் சூட்சுமம். ஒரே இரவில் எல்லாவற்றையும் கொட்டுவதிலும் நெருக்கம் வராது, ஒருவர் மட்டுமே பேசிக்கொண்டிருப்பதிலும் வராது.

நம் பிள்ளைகள் "பசியாறியாச்சா, தூங்கியாச்சா" என்று புலனத்தில் வருடக்கணக்காகப் பேசிவிட்டு, மணமேடைக்குப் பிறகுதான் ஒருவருக்கொருவர் கடன் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறார்கள். பி.டி.பி.டி.என். கடன், கார் கடன், அண்ணனுக்காகப் போட்ட உத்தரவாதக் கையெழுத்து, குடிப்பழக்கம், மாமியாரோடு ஒரே வீடா தனி வீடா, பிள்ளை வேண்டுமா எப்போது, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா: இவற்றைப் பேசிப் பார். பேச்செடுத்தாலே கோபப்படுகிறார் என்றால் அதுவும் உனக்குக் கிடைத்த ஒரு பதில்.

5. மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொள்.

தொல்காப்பியர் ஏழு திணைகளில் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று ஒரு கரையிலும், பொருந்தாததைப் பெருந்திணை என்று மறு கரையிலும் வைத்துவிட்டு, இரு மனமும் ஒத்த ஐந்தை மட்டுமே நடுவில் வைத்தார். நம் சினிமா பலகாலம் இதற்கு நேர் மாறாகக் கற்றுக்கொடுத்தது. பின்னாலேயே போனால், வாசலில் நின்றால், கையைக் கீறிக்கொண்டால் பெண் மனம் மாறுவாள் என்று காட்டியது. தம்பி, அப்படி நடப்பவனைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு வருவது பயம். இந்த நாட்டில் இப்போது அது குற்றமும்கூட. தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு 2023 மே 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவரை மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து துன்புறுத்தினால் மூன்றாண்டுவரை சிறை உண்டு.

மறுப்பு எப்போதும் "வேண்டாம்" என்ற சொல்லோடு வராது. ஜெமெந்தா பக்கம் போனால் தெரியும் லேடாங் மலையின் இளவரசி கதையை எடுத்துக்கொள். மலாக்கா சுல்தான் மஹ்மூட் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. மலாக்காவிலிருந்து மலைவரை ஒரு பொன் பாலம், ஒரு வெள்ளிப் பாலம், ஏழு தட்டுக் கொசு இதயம் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் அரசனின் ரத்தமும் அவன் மகனின் ரத்தமும் ஒவ்வொரு கிண்ணம் கேட்டாள். மன்னனிடம் நேராக மறுக்க முடியாத பெண் வேறு எப்படிச் சொல்வாள்? "அப்புறம் பார்க்கலாம்", "அப்பா கோபிப்பார்", "இப்போ படிப்புதான் முக்கியம்" என்று உன்னிடம் சொல்கிறவளும் பெரும்பாலும் அதையேதான் சொல்கிறாள்.

6. மறுக்க வேண்டியிருந்தால் தெளிவாக மறு.

இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பௌமைஸ்டரும் அவர் கூட்டாளிகளும் 1993இல் ஒருதலைக் காதலை இரு பக்கமிருந்தும் ஆராய்ந்தார்கள். கிடைக்காமல் போனவரைவிட மறுத்தவரே அந்த அனுபவத்தை அதிகக் கசப்போடு நினைவுகூர்ந்தார். காதலிப்பவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆயிரம் கதைகள் சொல்கின்றன. மறுப்பவருக்கு வழி சொல்ல ஒரு கதையும் இல்லை. அதனால் குற்ற உணர்ச்சியில் மழுப்புகிறார்கள், மழுப்பலைக் கேட்டவர் நம்பிக்கை வளர்க்கிறார்.

தங்கச்சி, "உங்கள்மேல் எனக்கு அந்த எண்ணம் இல்லை, இனியும் வராது" என்று ஒரே தடவை, மரியாதையோடு, காரணப் பட்டியல் இல்லாமல் சொல். காரணம் கொடுத்தால் அதைச் சரிசெய்துகொண்டு திரும்பி வருவார்கள். தனியிடத்தில் சந்தித்துச் சொல்லாதே. பயமாக இருந்தால் அண்ணனையோ தோழியையோ கூட வைத்துக்கொள்.

7. மனம் உடைந்தால் வெட்கப்படாதே.

கைவிடப்பட்டவர்களின் மூளையை ஹெலன் ஃபிஷரும் மற்றவர்களும் படமெடுத்து 2010இல் வெளியிட்டார்கள். போதைப்பொருளுக்கு ஏங்கும்போது விழிக்கும் பகுதிகளே அங்கும் விழித்திருந்தன. ஆகவே உன் தவிப்பு நடிப்பும் இல்லை, பலவீனமும் இல்லை. அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஏக்கத்துக்குத் தீனி போடும், அதை நிறுத்து. வீட்டில் ஒருவரிடமாவது சொல். உயிர் வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றினாலும் அந்தக் கணமே 15555 எண்ணுக்கு அழை. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் அது.

8. முகம் பாராதவருக்குப் பணம் அனுப்பாதே.

எவ்வளவு இனிக்கப் பேசினாலும், பொட்டலம் சுங்கத்தில் சிக்கிவிட்டது என்றாலும், அம்மா ஆஸ்பத்திரியில் என்றாலும் அனுப்பாதே. அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழை. தனிமையில் இருக்கும் அக்காமாரிடமும் இதைச் சொல்லி வை.

9. தூரத்துக் காதலில் கற்பனையைக் கட்டுப்படுத்து.

சிகாமட்டில் வேலை குறைவு. பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், வாரக் கடைசியில்தான் ஊர். 2025 மார்ச்சில் இ.டி.எஸ். ரயில் சிகாமட் வரை வந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் ஜொகூர் பாருவரை நீண்டது. போக்குவரத்து எளிதானதில் காதலர்களுக்கும் ஒரு பங்கு சந்தோஷம்.

தூரத்தில் இருக்கும் ஜோடிகளை லாரா ஸ்டாஃபோர்டும் ஆண்டி மெரோலாவும் ஆராய்ந்திருக்கிறார்கள். தூரத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அதிகம் உயர்த்தி நினைக்கிறார்கள். ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு பிரிகிறவர்கள் உண்டு. சனிக்கிழமை குளித்து, நல்ல சட்டை போட்டு, இரண்டு மணி நேரம் சந்திக்கும்போது எல்லாரும் நல்லவர்கள். அதனால் அலுப்பான நாளிலும் சந்தியுங்கள். வீட்டுச் சாமான் வாங்கப் போகும்போது, அவர் அம்மாவுக்கு மருத்துவமனையில் துணைக்கு உட்காரும்போது, டுரியான் காலத்தில் சொந்தக்காரர் கடையில் கைகொடுக்கும்போது கூட இருங்கள்.

10. பெற்றோரை எதிரியாக்கிக்கொள்ளாதே, நீதிபதியாகவும் ஆக்காதே.

"பார்த்துச் செய்த கல்யாணம்தான் நிலைக்கும்" என்று மாமா சொல்வார். ஜெய்ப்பூரில் குப்தா, சிங் என்ற இருவர் 50 தம்பதிகளிடம் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். காதல் மணத்தில் அன்பின் அளவு ஆண்டுகள் போகப் போகக் குறைந்தது, பேசி முடித்த மணத்தில் ஏறியது. ஆனால் 2012இல் அமெரிக்காவாழ் இந்தியர்களிடம் ரீகனும் மற்றவர்களும் பார்த்தபோது இரண்டு வகைக்கும் வித்தியாசம் தென்படவில்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இதை வைத்து யாரும் யாரையும் வாயடைக்க வேண்டாம். பேசி முடித்த மணத்தில் குடும்பம், வருமானம், பழக்கம் எல்லாம் முன்கூட்டியே விசாரிக்கப்படுகிறது. காதலிக்கும் நீயும் அந்த விசாரணையைச் செய்யலாம், யாரும் தடுக்கவில்லை.

மதம் வேறு என்றால் முதல் சில மாதங்களுக்குள்ளேயே பேசிவிடு. இந்த நாட்டில் முஸ்லிம் ஒருவரை மணக்க வேண்டுமானால் மதம் மாறியாக வேண்டும். பிள்ளைகளின் மதம், சொத்துரிமை எல்லாம் அதோடு மாறும். மனம் ஆழமாக இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு துடிப்பவர்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

11. பதிவை விளையாட்டாக நினைக்காதே.

இங்கே ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. வீட்டுக் கடனுக்காகவோ, நல்ல தேதிக்காகவோ தேசியப் பதிவுத்துறையில் முதலில் பதிவு செய்துவிட்டு, கோயில் கல்யாணத்தை ஓராண்டு, ஈராண்டு கழித்து வைத்துக்கொள்கிறார்கள். தாலி ஏறாததால் இன்னும் காதலர்கள்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி, கையெழுத்துப் போட்ட அன்றே நீங்கள் கணவன் மனைவி. அதன் பிறகு மனம் ஒவ்வாமல் போனால் மணவிலக்குதான் வழி. அதற்கும் மிகக் கடுமையான காரணம் இருந்தாலொழிய முதல் இரண்டாண்டுக்குள் மனுப்போட முடியாது. 18 வயதுக்கு மேல் மணக்கலாம் என்றாலும், 21 நிரம்பாதவருக்குத் தந்தையின் எழுத்து ஒப்புதல் வேண்டும். மனுச் செய்து 21 நாள் அறிவிப்பு ஒட்டப்படுகிறதே, அந்த நாட்களில் நான்காவது அறிவுரையில் சொன்னவற்றை இன்னொரு முறை பேசிவிடுங்கள்.

12. சேர்ந்த பிறகு, கூப்பிட்டால் திரும்பிப் பார்.

சியாட்டலில் ஜான் காட்மன் பல ஆண்டுகள் தம்பதிகளைக் கவனித்தார். புதுமணத் தம்பதிகளில் ஒருவர் ஏதாவது சின்ன விஷயம் சொன்னால், மற்றவர் திரும்பிப் பதில் சொல்கிறாரா என்று எண்ணினார். ஆறு ஆண்டு கழித்துச் சேர்ந்திருந்தவர்கள் 86 விழுக்காடு நேரம் திரும்பிப் பதில் சொன்னவர்கள். பிரிந்தவர்களுக்கு அது 33 விழுக்காடுதான். சண்டையைவிட ஏளனம் ஆபத்தானது என்றும் அவர் கண்டார். கண்ணை உருட்டுவது, குடும்பத்தை இழுத்துப் பேசுவது, விருந்தாளி முன்னால் சம்பளத்தைக் குறைத்துப் பேசுவது எல்லாம் ஏளனம்.

நள்ளிரவு ஷிப்டு முடிந்து வருகிறவர் "இன்னைக்குக் கெமாஸ் பக்கம் ஒரே மழை" என்று சொன்னால், மழையைப் பற்றிக் கேட்க உனக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, நனைந்தாயா என்று கேள்.